கக்கூஸ் எம்.பி.

"அந்த ஒரு வரிய மட்டும் எடுத்துருங்க" என்று சினேகா போனில் மறுபடியும் சொன்னாள். பிளக்ஸ் கடை அஜய்குமார் தயங்கினான். அந்த வரியைப் போடச் சொன்னதே அவள் அம்மா ஜக்கம்மாதான்.

கூடத்தில் ஐஸ் பெட்டிக்குள் அப்பா சுந்தரலிங்கம் வெள்ளை வேட்டியில் படுத்திருந்தார். கோம்பையிலிருந்து டெல்லிக்குப் போன மனுஷர், ஒரே ஒரு தடவை எம்.பி.யாக இருந்தவர். ஊர் ஞாபகம் வைத்திருப்பது அவருடைய ஒரே ஒரு பேச்சைத்தான். ஏலக்காய்த் தோட்டத்துக்குப் போகிற பெண்களுக்கு ஜீப் ஸ்டாண்டில் கக்கூஸ் இல்லை என்று நாடாளுமன்றத்தில் எழுந்து சொன்னார். கழிப்பறை என்று நாசூக்காகச் சொல்லியிருக்கலாம், மனுஷருக்கு வாயில் வந்தது அதுதான். எதிர்க்கட்சிக்காரர்களுக்குக் கேட்கவா வேண்டும்? கக்கூஸ் எம்.பி. என்று சுவருக்குச் சுவர் எழுதியே அடுத்த தேர்தலில் அவரைத் தோற்கடித்தார்கள். பள்ளிக்கூடத்தில் சினேகா பக்கத்தில் வந்தாலே பிள்ளைகள் மூக்கைப் பொத்திக்கொண்டு சிரிக்கும். சாவிலாவது அந்தப் பேர் அப்பாவை விட்டுத் தொலைய வேண்டும் என்று பிடிவாதமாக நின்றாள்.

"அது அவுக சம்பாதிச்ச பேருடி" என்றாள் ஜக்கம்மா. அதற்கு மேல் மகளோடு மல்லுக்கு நிற்கவில்லை.

அப்பா பேருக்குக் கீழே 'கொள்கைக் குன்று' என்று போட்டு பிளக்ஸ் வாசலுக்கு வந்தது. கட்சிக்காரர்கள் வந்தார்கள், மாலை போட்டார்கள், போட்டோவுக்கு நின்றார்கள், கார் ஏறிவிட்டார்கள். மதியத்துக்குள் தெரு காலி. இவ்வளவுதானா அப்பா என்று சினேகா வெறும் தெருவைப் பார்த்தாள்.

சொர்க்க ரதத்தில் அவரை ஏற்றும் நேரத்தில்தான் ஜீப் சத்தம் கேட்டது. ஒன்றன்பின் ஒன்றாக, தெரு கொள்ளாத ஜீப்புகள். தகவல் கேட்டதும் பாதி வேலையில் மலையிறங்கி வந்த பெண்கள், இடுப்பில் கட்டிய சாக்கைக்கூட அவிழ்க்காமல் குதித்து இறங்கினார்கள்.

முன்னால் வந்த பாண்டியம்மாள் பிளக்ஸை எழுத்துக்கூட்டிப் படித்துவிட்டு சினேகாவிடம் திரும்பினாள். "எங்க எம்.பி. பேரு எங்கன ஆத்தா?"

சினேகா தலையைக் குனிந்துகொண்டாள்.

"இருட்டோட ஜீப் ஏறுனா பொழுது சாயத்தான் எறங்குவோம். அடக்கிக்கிட்டுக் கெடக்கணுமேன்னு தண்ணி குடிக்கவே பயந்தவுக நாங்க. எங்க புருசமாருகிட்டகூட அதச் சொன்னதில்ல. ஒங்க அப்பாதான் டெல்லியில போயிச் சொன்னாக, ஸ்டாண்டுல கட்டவும் வச்சாக." பாண்டியம்மாள் கூட்டத்தைப் பார்த்துக் குரலை உயர்த்தினாள். "எங்க கக்கூஸ் எம்.பி."

"வாழ்க" என்று தெருவே அதிர்ந்தது. கேலியில்லை, சாமி பேரைச் சொல்கிற குரல். ஜக்கம்மா கண்ணைத் துடைத்துக்கொண்டு நிமிர்ந்து நின்றாள். மறுபடி பாண்டியம்மாள் சொன்னபோது, 'வாழ்க' என்ற சத்தத்தில் சினேகாவின் குரலும் இருந்தது. அவளுக்கு அப்பாவை நினைத்து அவ்வளவு பெருமையாக இருந்தது.

பெண்கள் சுடுகாட்டுக்குப் போகிற வழக்கமில்லை. ஊர் எல்லையில், ஜீப் ஸ்டாண்டு வரைக்கும் ரதத்தோடு நடந்து வந்து நின்றுகொண்டார்கள். ஜீப்புகள் மட்டும் ஹாரன் அடித்துக்கொண்டு அவருக்கு முன்னால் போயின.

ரதம் வளைவில் மறைந்ததும், பெண்கள் ஸ்டாண்டு ஓரத்துக் கட்டடத்தின் முன்னால் வரிசை கட்டினார்கள். சினேகா இத்தனை வருஷத்தில் அந்தப் பக்கமே எட்டிப் பார்த்ததில்லை. போய் கடைசியில் நின்றாள்.

"எம்.பி. மக முன்னால போகட்டும்" என்றாள் ஒருத்தி.

"இருக்கட்டும்க்கா" என்றாள் சினேகா.

உள்ளே யாரோ குழாயைத் திறந்தார்கள். வாளியில் தண்ணீர் சளசளவென்று விழுந்தது.