இடது சக்கரம்

"மைனி, அதுல சூடம் கொளுத்தாதீங்க. மண்ணெண்ணெய்த் தட்டு."

கௌசல்யா சொல்லி முடிப்பதற்குள் சொர்ணம்மாள் தீக்குச்சியை உரசிவிட்டிருந்தாள். கௌசல்யா எட்டிக் குனிந்து ஊதி அணைத்தாள். கணவன் செத்து மூன்று மணி நேரமே ஆன பெண்ணுக்கு இவ்வளவு வேகம் எங்கிருந்து வந்தது என்று கூடத்தில் இருந்தவர்கள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள்.

"விபூதி வைக்க ஒரு தட்டு கேட்டா இந்த வீட்டுல யாரு தாரா? வெளிய கெடந்தது, எடுத்துத் தொடச்சேன்" என்றாள் சொர்ணம்மாள். செத்துப்போன லிங்கத்தின் அக்கா. கிள்ளிப்பாலத்திலிருந்து ஆட்டோவில் வந்து இறங்கிய கையோடு சாவு வீட்டின் அதிகாரம் முழுவதையும் எடுத்துக்கொண்டிருந்தாள்.

"அதுல ரெண்டு பேரிங் காய வச்சிருந்தாரே?"

"அந்த இரும்பு வளையமா? முத்தத்து மண்ணுல கொட்டியாச்சு. செத்த வீட்டுல அதுக்கு என்ன வேலை?"

வேலை இருந்தது. வாசலுக்கும் வெளிக்கதவுக்கும் நடுவில் லிங்கத்தின் கேரவன் வண்டி, இடது சக்கரம் இல்லாமல், ஒரு பக்கம் ஜாக்கியில் ஏறி நின்றது. ஆள் ஒருக்களித்து நுழையலாம். பாடை நுழையாது.

லிங்கம் போனக்காட்டுத் தேயிலைத் தோட்டத்தில் மெக்கானிக்காக இருந்தபோது, மானேஜர் பங்களாவின் பின்னால் கோழி அடைந்து கிடந்த வெள்ளைக்காரன் காலத்து வண்டி அது. இரண்டு சக்கரம், உள்ளே இரண்டு கட்டில், ஓர் அடுப்பு மேடை. கேட்டு வாங்கி, தட்டிக்கொட்டி, ஜீப்பின் பின்னால் மாட்டி, முப்பத்தோரு பங்குனி உத்திரத்துக்கு அவரும் கௌசல்யாவும் திருநெல்வேலிப் பக்கம் சாஸ்தா கோவிலுக்குப் போய் வந்திருக்கிறார்கள். சொந்தக்காரர் வீட்டில் தங்காமல் கோவில் தோப்பில் வண்டிக்குள் தூங்குகிற தம்பதியைப் பற்றி ஊரில் பேசாத பேச்சில்லை. இருவருக்கும் அது ஒரு பொருட்டே இல்லை.

போவதற்கு முன்னால் சக்கரங்களைக் கழற்றி, பேரிங்கைக் கழுவி, புதுக் கிரீஸ் அடைத்து மாட்டியாக வேண்டும். இன்று காலை வலது சக்கரம் முடிந்தது. இடதைக் கழற்றிக் கழுவி வைத்துவிட்டு, "சாயா நல்லாருக்கு கௌசு. கொஞ்சம் சாஞ்சுக்கிடுதேன்" என்று வண்டிக்குள் ஏறிப் படுத்தார். மிச்ச வேலைக்கு அழைக்கப் போனவள், கூப்பிட்ட குரலுக்குப் பதில் இல்லாமல் அவர் பாதத்தில் உள்ளங்கையை வைத்துப் பார்த்தாள். சில்லென்றிருந்தது. இந்த மனுஷனுக்கு இதைவிட நல்ல இடம் வாய்க்குமா என்று அழுகைக்கு நடுவிலேயே அவளுக்குத் தோன்றியது. அப்படித் தோன்றியதில் அவளுக்கு வெட்கமில்லை.

மருமகன் செல்வகணேஷ் கட்டட வேலை பார்ப்பவன். ஃபோனை வைத்துவிட்டு வந்தான். "அத்தை, தைக்காட்டுச் சுடுகாட்டுல நாலு மணிக்கு டைம் கிடைச்சிருக்கு. சைட்டுலேர்ந்து பத்துப் பேர வரச்சொல்லுதேன். ஜாக்கிய எடுத்துட்டு வண்டிய அப்படியே ஓரமா இழுத்துப் போட்டுரலாம்."

"சக்கரம் இல்லாம இழுத்தா அச்சு தேஞ்சுரும் மாப்ளே. பெறகு அதுல சக்கரமே நிக்காது."

"பழைய சாமான்தானே அத்தை. இனி யாரு ஓட்டப்போறா?"

கௌசல்யாவுக்கு அப்போதுதான் முதன்முதலாகக் கோபம் வந்தது. அவர் போனது அவர் கையில் இல்லை. இது இருக்கிறவர்கள் கையில் இருக்கிற காரியம்.

பக்கத்து வீட்டு மலையாளி ஜெயன் மெதுவாக, "மதிலு வழி எடுக்காமல்லோ சேச்சி" என்று பாடையை மதில் மேலாகத் தூக்கிவிட யோசனை சொன்னார்.

"என் தம்பி என்ன கள்ளனா, மதில் ஏறிப் போக?" என்று சொர்ணம்மாள் பாய்ந்தாள். ஜெயன் நாற்காலியைத் தேடி உட்கார்ந்துகொண்டார்.

"ஒரு மணிக்கூர் தாங்க மாப்ளே. நான் மாட்டித் தாரேன்" என்றாள் கௌசல்யா.

"ஏளா, புருஷனக் கெடத்திப்போட்டு வண்டி வேலைக்கா போற? நாலு பேரு என்ன சொல்லுவா?"

"நாலு பேரும் அந்த வழியாத்தான் மைனி வெளிய போகணும்."

பேரிங் இரண்டும் செம்பருத்திச் செடியின் அடியில் மண் அப்பிக் கிடந்தன. ஒரு மணல் துகள் உள்ளே இருந்தாலும் உருளைகளைத் தின்றுவிடும். மகள் சுஜா மண்ணெண்ணெய் கொண்டுவந்தாள். இரண்டு தடவை கழுவியும் விரலுக்கு நறநறத்தது. மூன்றாவது தடவை ஊற்றும்போது டப்பாவைச் சாய்த்த கை சொர்ணம்மாளுடையது.

"கொட்டினவதானே ஊத்தணும்" என்று முணுமுணுத்தாள்.

கௌசல்யா பழைய துணியில் துடைத்துக் காயவிட்டு, இடது உள்ளங்கையில் ஓர் உருண்டை கிரீஸ் எடுத்துக்கொண்டாள். பேரிங்கின் அகலமான பக்கத்தை அதில் அழுத்தி அழுத்தி, உருளைகளுக்கு நடுவில் புகுந்து மேல்பக்கம் புழுப்புழுவாக எட்டிப்பார்க்கும்வரை அடைத்தாள். இது எப்போதும் அவள் வேலைதான். கொழுக்கட்டைக்குப் பூரணம் வைக்கிற கைக்குத்தான் இது வரும் என்று அவர் ஒதுங்கிக்கொள்வார். பெரிய பேரிங்கை உள்பக்கம் வைத்து, மூடி வளையத்தை மரக்கட்டையால் தட்டி இறக்கினாள். செல்வகணேஷ் சக்கரத்தைத் தூக்கி அச்சில் ஏற்றினான். சின்ன பேரிங், வாஷர், நட்டு.

நட்டுதான் அவளை மிரட்டியது. முப்பத்தோரு வருஷமும் அதை முடுக்கியது அவர். அவள் சக்கரத்தைச் சுற்றிக் கொடுத்ததோடு சரி.

செல்வகணேஷ் ஸ்பேனரில் தன் முழுப் பலத்தையும் காட்டினான். சக்கரம் முனகி நின்றது. "இனி அனங்காது அத்தை, அசையவே செய்யாது."

"அனங்காதுல்லா, அதான் தப்பு. பத்து கிலோமீட்டர்ல பேரிங் வெந்துபோகும்."

ஸ்பேனரை வாங்கினாள். கண்ணை மூடிக்கொண்டு அவர் கையை நினைத்தாள். முதலில் முடுக்குவார், சக்கரத்தைச் சுற்றச் சொல்வார், பிறகு முழுவதும் தளர்த்திவிட்டு வெறும் விரலால் திருகுவார். அதே மாதிரி செய்தாள். அச்சின் துளைக்கு நேராக நட்டின் பள்ளம் வரும்வரை ஒரு மயிரிழை பின்னால் விட்டாள். துளையில் இரும்புப் பின்னைச் செருகி முனைகளை மடக்கினாள். சக்கரத்தை மேலும் கீழும் பிடித்து ஆட்டிப் பார்த்தாள். ஆட்டம் இருந்தும் இல்லாத மாதிரி. தள்ளிவிட்டாள். சக்கரம் தன்பாட்டுக்குச் சுற்றிக்கொண்டே இருந்தது. அவளுக்கு நெஞ்சு நிறைந்துவிட்டது. அவரிடம் சொல்ல வாயெடுத்து, அவரைக் கிடத்தியிருந்த கூடத்தைத் திரும்பிப் பார்த்தாள். பிறகு சக்கரத்தின் நடுமூடியை மாட்டினாள்.

ஜாக்கியை இறக்கியதும் ஐந்து பேர் கை வைத்தார்கள். இரண்டு பேரே போதுமாக இருந்தது.

"சத்தமே இல்லையேளா!" என்றாள் சொர்ணம்மாள். வெளிக்கதவுக்கு வழி திறந்து கிடந்தது.

எண்ணெய் சீயக்காய் வைத்துக் குளிப்பாட்டும்போது சுஜா அப்பாவின் நகங்களைச் சோப்புப் போட்டுத் தேய்த்தாள். இடுக்கில் இருந்த கறுப்பு போகவில்லை.

"இருக்கட்டும்ட்டீ" என்றாள் கௌசல்யா. வாய்க்கரிசி போட்ட அவள் விரல்களிலும் அதே கறுப்பு இருந்தது.

"இந்த வருஷம் உத்திரத்துக்குப் போக முடியாதுல்லாம்மா?"

"தீட்டுல எப்படிப் போறது? இந்தக் கிரீஸ் அடுத்த வருஷத்துக்குத் தாங்கும்."

மூன்றரைக்குப் பாடை கேரவனைத் தாண்டி வெளியே போனது. ஜெயன் முன்பக்கம் தோள் கொடுத்தார். தெருமுனை திரும்பும்வரை பெண்கள் வாசலில் நின்றுவிட்டுக் குளிக்கத் திரும்பினார்கள்.

கௌசல்யா மட்டும் வண்டியின் அருகில் குத்துக்காலிட்டு உட்கார்ந்தாள். பயணத்தில் ஆரல்வாய்மொழியில் ஜீப்பை நிறுத்தியதும் அவர் முதலில் செய்வது, சக்கரத்தின் நடுமூடியில் உள்ளங்கையை வைத்துப் பார்ப்பதுதான். சூடு இருந்தால் நட்டு அதிக முடுக்கம். இல்லாவிட்டால், "போலாம் கௌசு" என்பார்.

வண்டி எட்டடி தூரம்தான் உருண்டிருந்தது. இருந்தாலும் வைத்துப் பார்த்தாள். சில்லென்றிருந்தது.

"ஏளா, தலைக்கு ஊத்திட்டு வா" என்று உள்ளேயிருந்து சொர்ணம்மாள் கூப்பிட்டாள்.

"இந்தா வாரேன் மைனி" என்றாள். கையை எடுக்கவில்லை.