ஸ்டாம்பு ஒட்டாத கார்டு

என் தங்கை அருள்ஜோதி தன் குழந்தையைக் காப்பாற்றிக்கொள்ள ஒரே ஒரு கிறிஸ்துமஸ் கார்டைத்தான் நம்பியிருந்தாள். அந்தக் கார்டு எங்கள் வீட்டு வாசல் வரைக்கும் ஒழுங்காக வந்து சேர்ந்தது. வாங்காமல் திருப்பி அனுப்பியவள் நான். இதை முதலில் சொல்லிவிட வேண்டும். இல்லையென்றால் பாதிக் கதையில் நீங்கள் என் அப்பாவைத் திட்ட ஆரம்பித்துவிடுவீர்கள். எல்லோரும் அவரைத்தான் திட்டினார்கள்.

அப்பா பெயர் அருளானந்தம். விருத்தாசலத்தில் ஒரு பீங்கான் கம்பெனியில் சூளை வேலை. கையில் காசு தங்காது. ஆனாலும் கிறிஸ்துமஸ் வந்தால் முப்பத்தாறு பேருக்கு வாழ்த்துக் கார்டு அனுப்பாமல் இருக்க மாட்டார். அதற்கென்று ஒரு வழி வைத்திருந்தார். ஜனவரி கடைசியில் கடைவீதிக்குப் போய், விற்காமல் தங்கிப்போன கார்டுகளைக் கட்டோடு பாதி விலைக்கு வாங்கி வந்து டிரங்குப் பெட்டியில் போட்டுவிடுவார். டிசம்பரில் வெளியே எடுத்து, வருஷம் அச்சடித்திருந்தால் பிளேடால் சுரண்டுவார். உள்ளே வெறும் கையெழுத்துதான். உறையை ஒட்டக் கூடாது, மடித்துச் சொருக வேண்டும். மேலே 'புக் போஸ்ட்' என்று எழுதிவிட்டால் குறைந்த ஸ்டாம்பு போதும். ஒட்டிவிட்டாலோ, உள்ளே நாலு வரி சேதி எழுதிவிட்டாலோ அது கடிதக் கணக்கில் போய்விடும். கார்டு போடுகிற நாலு நாளும் கோந்து டப்பாவை எங்கள் கண்ணில் காட்டவே மாட்டார். கம்மாபுரம் பக்கம் யாராவது கிளம்பினால் அந்தப் பக்கத்துக் கார்டெல்லாம் அவர்கள் பையில் ஏறிவிடும்.

இவ்வளவு கணக்குப் பார்க்கிற மனுஷன், அடுத்தவன் ஸ்டாம்பு குறைவாக ஒட்டி அனுப்பினால் விடுவாரா? அப்படி வருகிற தபாலுக்கு, குறைகிற காசைப் போல இரண்டு மடங்கு நாம் கட்ட வேண்டும். டியூ என்பார்கள். “ஆச இருக்கறவன் ஸ்டாம்பு ஒட்டி அனுப்பட்டும். அவன் வாழ்த்து சொல்றதுக்கு நான் எதுக்குத் தண்டம் அழுவணும்?” என்று அப்படியே திருப்பிவிடுவார். நெய்வேலியில் இருந்த சொந்தத் தம்பியின் கார்டையே இரண்டு தரம் திருப்பியிருக்கிறார். தபால்காரர் மாணிக்கவேல் அண்ணன் இதைத் தெருவெல்லாம் சொல்லிச் சிரிப்பார்.

அம்மா நாங்கள் சின்னவர்களாக இருக்கும்போதே போய்விட்டாள். எனக்கும் அப்பா குணம்தான். கோபம் மட்டும் கொஞ்சம் கூட. இன்னொரு கம்பெனியில் பீங்கான் பியூஸ் கட்டைகளுக்குப் பிசிறு தட்டுகிற வேலை எனக்கு. அதில் சீட்டுக் கட்டி என் கல்யாணத்துக்கென்று சேர்த்த பணம் அருள்ஜோதியின் கல்யாணத்துக்குப் போனது. பெண்ணாடத்தில் உரக்கடை வைத்திருந்தவர்கள் அவளைப் பிடித்துப்போய்க் கேட்டு வந்தார்கள். என்னை யாரும் கேட்டு வரவில்லை. சந்தோஷமாகத்தான் கொடுத்தேன் என்று ஊருக்குச் சொன்னேன். உள்ளுக்குள் எரிந்தது. அவளும் ஒரு நாள்கூட, “இது ஒன் காசு, அக்கா” என்று வாய்விட்டுச் சொன்னதில்லை.

அவளுக்குப் பெண் குழந்தை பிறந்தது. ஞானஸ்நானத்துக்கு அரைப் பவுனில் செயின் கொண்டுபோனோம். அவள் மாமனார் அதை உள்ளங்கையில் வைத்துத் தூக்கித் தூக்கிப் பார்த்தார். பிறகு பந்தியில் இருந்தவர்களிடம் நீட்டி, “காத்துல பறந்துடப் போவுது, பாத்துப் புடிங்க” என்றார். எல்லோரும் சிரித்தார்கள். தங்கை புருஷன் கிளமெண்டும் சிரித்தான். அப்பா இலையிலிருந்து எழுந்துவிட்டார். இனி அந்த வீட்டு வாசற்படியை மிதிப்பதில்லை என்று சொல்லிவிட்டு வந்தவர், சொன்னபடியே இருந்தார். போன் செய்தால் கடையில்தான் மணி அடிக்கும். மாமனார் எடுத்து, “அவ வேலையா இருக்கா” என்று வைத்துவிடுவார். அந்த வருஷக் கிறிஸ்துமஸுக்கு உரக்கடைப் பெயர் அச்சடித்த கார்டு ஒன்று வந்தது. தங்கையின் கையெழுத்துகூட அதில் இல்லை. அவளும் அந்தப் பக்கம் சேர்ந்துவிட்டாள் என்று நான் முடிவு கட்டிக்கொண்டேன்.

அடுத்த வருஷம், இரண்டாயிரத்து மூன்று, டிசம்பர் இருபத்திரண்டு, திங்கட்கிழமை. அப்பா வேலைக்குப் போயிருந்தார். எனக்குக் காய்ச்சல், வீட்டில் இருந்தேன். மாணிக்கவேல் அண்ணன் சைக்கிளை நிறுத்தி, ஒரு உறையை மட்டும் தனியாக எடுத்தார்.

“ரீட்டாம்மா, இது டியூ. பத்து ரூவா.”

“பத்து ரூவாயா? எங்கேருந்து?”

“பெண்ணாடம். ஸ்டாம்பே இல்ல. ஒட்டி வேற இருக்குது.”

உறையின் பின்பக்கம் உரக்கடை ரப்பர் ஸ்டாம்பு பளிச்சென்று விழுந்திருந்தது. எனக்குச் சுர்ரென்று ஏறியது. போன வருஷம் வெறும் கார்டு அனுப்பினார்கள், இந்த வருஷம் நம் தலையில் செலவு கட்டுகிறார்கள், அப்பா டியூ வாங்க மாட்டார் என்று தெரிந்தே கேலி செய்கிறார்கள் என்று நினைத்தேன்.

“வாணாம்ணே. திருப்பி அனுப்பிடுங்க.”

“இங்க பாரும்மா, முன்னாடி ஒன் தங்கச்சி எழுத்தாட்டம் இருக்குது. காசு இப்ப இல்லன்னா நான் போட்டுக்கறேன், அப்பறமா குடு.”

அண்ணன் உறையைத் திருப்பிக் காட்டினார். பார்த்தேன். அருள்ஜோதியின் எழுத்துதான். சந்தேகமே இல்லை. அவள் எழுத்து என்று தெரிந்த பிறகுதான் என் கோபம் இரண்டு மடங்கானது. அப்பாவைக் கேலி செய்ய இவளே உறை எழுதிக் கொடுத்திருக்கிறாளே என்று வந்தது.

“யார் எழுத்தா இருந்தா என்ன? எங்கப்பா டியூ வாங்க மாட்டாருன்னு ஒங்களுக்குத் தெரியாதா?”

அண்ணன் உறை மேல் பென்சிலால் ஏதோ எழுதிப் பையில் போட்டுக்கொண்டு போனார்.

கிறிஸ்துமஸ் அன்று பூசை முடிந்து வந்ததும் அப்பா கேட்டார்: “ஜோதிகிட்டேருந்து கார்டு ஏதாவது வந்துச்சா?”

“வரலப்பா.”

“போன வருசம் கடைக் கார்டாவது வந்துது” என்று சொல்லிக்கொண்டே சட்டையைக் கழற்றினார். எனக்கு அப்போதும் கோபம் தணியவில்லை.

பொங்கலுக்கு முந்தின வாரம் ஒரு மத்தியானம் அருள்ஜோதி வந்தாள். கையில் பை இல்லை, இடுப்பில் குழந்தை இல்லை, காலில் செருப்பும் இல்லை. பெண்ணாடத்திலிருந்து கருவேப்பிலங்குறிச்சி வரைக்கும் நடந்திருக்கிறாள். அங்கே யாரோ பாவம் பார்த்து பஸ் ஏற்றிவிட்டிருக்கிறார்கள். பாதி நாள் வேலை முடிந்து அப்பாவும் அப்போதுதான் வந்திருந்தார். அவரைப் பார்த்ததும் அவள் அழவில்லை.

“பாப்பா எங்கம்மா?” என்றார் அப்பா.

“பெங்களூருல. எங்க வூட்டுக்காரரு அக்காவுக்குப் பிள்ள இல்லன்னு தூக்கிக் குடுத்துட்டாங்க. ஒரு மாசமாப் பேசிக்கிட்டே இருந்தாங்க, எனக்குத் தெரிஞ்சு போச்சு. அதான் எழுதினேன்.”

“என்னா எழுதின?”

“கார்டு எழுதினம்ப்பா! கிறிஸ்துமஸ் அன்னிக்குக் காலப் பூசைக்கு மட்டும்தான் பாப்பாவத் தூக்கிக்கிட்டு என்னை வெளிய உடுவாங்க. பாப்பாவோட பொம்பளைங்க பக்கத்துக் கதவு வழியா வந்துடறேன், நீங்களும் அக்காவும் வந்து நில்லுங்கன்னு எழுதினேன். கையில ஒரு ரூவா குடுக்க மாட்டாங்க. கடைக்கு வச்சிருந்த உறையில ஒண்ண எடுத்து, சோத்துப் பருக்கையால ஒட்டி, ஞாயித்துக்கிழம கோயிலுக்குத் தனியாப் போவறப்ப தபால் பெட்டியில போட்டேன். நீங்க டியூ வாங்க மாட்டீங்கன்னு தெரியும். ஆனா என் எழுத்தப் பாத்தா வாங்கிடுவீங்கன்னு நெனச்சேன்.”

அப்பா விழித்தார். அவள் நிறுத்தவில்லை.

“இருபத்திநாலாந்தேதி கடைக்கே திரும்பி வந்துது. பிரிச்சுப் படிச்சாங்க. அதாலயே என் மூஞ்சில அடிச்சாங்க. ‘ஒங்கப்பன் பத்து ரூவாய்க்கு ஒன்ன வாணாம்னுட்டான் பாரு’ன்னு சிரிச்சாங்க. அன்னிக்கு சாயங்காலமே பாப்பாவக் காருல ஏத்திட்டாங்க. எனக்குப் பால் கட்டிக்கிட்டு ஒரு வாரம் காய்ச்சலு. பாப்பா போனப்பறம் என்னை யாரும் பூட்டி வைக்கல. போனா போன்னு உட்டுட்டாங்க. பத்து ரூவாப்பா. என் எழுத்தப் பாத்துமா வாணான்னீங்க?”

அடுப்படியில் அவளுக்குக் கஞ்சி ஊற்றிக்கொண்டிருந்தேன். அப்பா என்னைத் திரும்பிப் பார்த்தார். அவருக்குத் தெரியாமல் அந்த வீட்டில் ஒரு தபாலைத் திருப்ப நான் ஒருத்திதான் உண்டு. அவர் கேட்டிருந்தால் சொல்லியிருப்பேன். கேட்கவில்லை. என் முகத்திலேயே எல்லாவற்றையும் படித்துவிட்டு அவள் பக்கம் திரும்பினார்.

“ஆமாம்மா. நான்தான் வாணான்னேன். புத்தி கெட்டுப் போச்சு.”

அருள்ஜோதி அவரை வெறித்துப் பார்த்தாள். பிறகு எழுந்து வந்து என் தோளில் முகத்தை வைத்து அழுதாள். எனக்கு அவளைக் கட்டிக்கொள்ளக் கை வரவில்லை.

மறுநாள் விடிந்ததும் குழாயடியில் அப்பாவைப் பிடித்தேன். “நான் சொல்லிடறம்ப்பா. என்னால முடியல.”

“வாயத் தொறக்காத” என்றார். அப்படி அதட்டி அவர் என்னிடம் பேசியதே இல்லை. “சொல்லிட்டா ஒனக்கு மனசு லேசாயிடும். அவளுக்கு? எனக்கு இன்னும் எத்தினி வருசம்? எங்கிட்ட அவ எவ்ளோ வேணா கோச்சுக்கட்டும். ஒங்கிட்டயும் கோச்சுக்கிட்டான்னா இந்த வூட்ட உட்டு எங்க போவா சொல்லு.”

நான் குடத்தை எடுத்துக்கொண்டு உள்ளே வந்தேன். அவர் சொன்னது எனக்கு வசதியாகவும் இருந்தது. உண்மையைச் சொன்னால் அதையும் சொல்லத்தான் வேண்டும்.

போலீசுக்குப் போனோம். வக்கீல் வைத்தோம். குழந்தையை மனசறிந்து கொடுத்ததாக அவளிடம் முன்பே ஒரு தாளில் கையெழுத்து வாங்கியிருந்தார்கள். எதில் போடுகிறோம் என்று தெரியாமல் போட்டிருக்கிறாள். கிளமெண்ட் ஒவ்வொரு வாய்தாவுக்கும் வராமலே இருந்தான். பெங்களூர்க்காரர்கள் வீடு மாற்றிக்கொண்டே இருந்தார்கள். அப்பா அந்த வயதில் இரண்டு ஷிப்டு பார்த்து வக்கீலுக்குக் கொடுத்தார். ஒரு தரம் கோர்ட்டில் குழந்தையைக் காட்டினார்கள். அது அருள்ஜோதியைப் பார்த்துப் பயந்து அந்தப் பெண்ணின் முந்தானைக்குள் ஒளிந்துகொண்டது. அதற்குப் பிறகு இவளே வழக்கு வேண்டாம் என்றுவிட்டாள்.

அப்பாவோடு அவள் சண்டை போடவில்லை. போட்டிருந்தால் தேவலை. தட்டை வைப்பாள், தண்ணீர் வைப்பாள், போய்விடுவாள். அப்பா என்று ஒரு தரம் கூப்பிட்டதில்லை. “அவரச் சாப்புடச் சொல்லுக்கா” என்பாள், அவர் எதிரிலேயே. அவரும் தலையைக் குனிந்து சாப்பிட்டுவிட்டு எழுந்துபோவார். அந்த நாலரை வருஷமும் நான் இரண்டு பேருக்கும் நடுவில் உட்கார்ந்து சோறு தின்றேன்.

இரண்டாயிரத்து எட்டு ஜூன் மாதம் அப்பா இறந்தார். கல்லறையில் பெட்டியை இறக்கியதும் சாமியார் ஜெபம் சொன்னார். ஒவ்வொருவராகக் கைப்பிடி மண் போட்டார்கள். நான் போட்டேன். அருள்ஜோதியும் குனிந்து ஒரு பிடி அள்ளினாள். குழியின் ஓரம் வரைக்கும் போனவள், அங்கேயே நின்றாள். பிறகு கையை விரித்து மண்ணைத் தன் காலடியிலேயே உதிர்த்துவிட்டுத் திரும்பினாள்.

சொல்ல வேண்டுமென்றால் அதுதான் நேரம். மண் முழுதாக மூடவில்லை, பெட்டி இன்னும் தெரிந்தது. என் வாய் வரைக்கும் வந்தது. அவள் என் கையைப் பிடித்துக்கொண்டாள்.

“வாக்கா, போவலாம். எனக்குன்னு இனிமே நீ ஒருத்திதான் இருக்க.”

நான் அவளோடு நடந்தேன்.