அக்கா குனிந்திருந்த நாட்கள்

ஆஸ்பத்திரியிலிருந்து கூட்டி வந்த அன்று, வாசற்படி ஏறும்போதுகூட அக்கா தலையை நிமிர்த்தவில்லை. இடது கண்ணில் விழித்திரை பிரிந்துபோய் அறுவை சிகிச்சை செய்திருந்தார்கள். கண்ணுக்குள் ஒரு வாயுக்குமிழ் விட்டிருந்தார்கள். அது விழித்திரையை அதன் இடத்தில் அழுத்திப் பிடிக்க வேண்டுமானால் முகம் எப்போதும் தரையைப் பார்த்தே இருக்க வேண்டும். சாப்பிடும்போதும் தூங்கும்போதும் அப்படித்தான். ஒரு வாரத்துக்கு மேலாகும், நிமிர்ந்தால் மறுபடி பிரிந்துவிடலாம் என்று டாக்டர் சொன்னபோது அக்கா தன் பார்வையைப் பற்றிக் கேட்கவில்லை. அதற்குள் வால்நட்சத்திரம் போய்விடுமே என்றாள். டாக்டர் என்னைப் பார்த்தார். நான் சுவரைப் பார்த்தேன்.

அவளுக்கு ரத்தப் பரிசோதனைக் கூடத்தில் வேலை. பகலில் மைக்ராஸ்கோப்பில் குனிந்து பார்ப்பது சம்பளத்துக்கு, சாயங்காலம் நிமிர்ந்து பார்ப்பது எனக்கு என்பாள். மொட்டைமாடியில் தொலைநோக்கி, அறையில் செங்கல் செங்கலாகப் பழைய நாவல்கள். கல்யாணம் என்ற பேச்சையே அண்டவிடவில்லை. நான் பஸ் ஓட்டுகிறேன். என் மனைவி என்னை விட்டுப் போன பிறகு, கொஞ்ச நாளைக்கு என்று இரண்டு பைகளோடு வந்தவன் அங்கேயே தங்கிவிட்டேன். எனக்கு சினிமா. ஒரு சண்டைக்காட்சிக்காக ஒரே படத்தை மூன்று முறை பார்ப்பவன். அவள் மாடியில் இருப்பாள், நான் தியேட்டரில் இருப்பேன். சாப்பாட்டு மேசையில் உப்பு போதுமா என்பதற்கு மேல் பேச்சு வளர்ந்ததில்லை.

இப்போது அவளுக்குக் காபி கொடுக்க வேண்டுமென்றால் நான் தரையில் உட்கார வேண்டியிருந்தது. கட்டில் விளிம்பில் இரண்டு தலையணைகளுக்கு நடுவே முகத்தைப் பதித்திருப்பாள். கீழே உட்கார்ந்து உறிஞ்சுகுழலை அவள் வாயில் வைப்பேன். படிக்கக் கூடாது என்று உத்தரவு. ஒரு கண் வரியோடு ஓடினால் மற்றதும் கூடவே ஓடுமாம். பாதியில் நின்றிருந்த நாவலை வாசித்துக் காட்டச் சொன்னாள். பள்ளிக்கூடத்தோடு நான் விட்ட பழக்கம் அது. அடுத்தடுத்த நிறுத்தங்களை அறிவிப்பது போலக் கடகடவென்று வாசித்தேன். "யாரும் எறங்கல, மெதுவா ஓட்டு," என்றாள்.

கதையில் ஒருவருக்கு மூன்று பெயர், அதில் இரண்டு வாயில் நுழையவில்லை. நானே ஆளுக்கொரு செல்லப்பெயர் வைத்துக்கொண்டேன். நாற்பது பக்கமாக ஒரு குடும்பம் ஊருக்குக் கிளம்பிக்கொண்டே இருந்தது. எப்போதுதான் ஏதாவது நடக்கும் என்று கேட்டேன். இதுதான் நடப்பது என்றாள். வெள்ளிக்கிழமை நான் படத்துக்குப் போகாததைக் கவனித்துவிட்டு, பார்த்த படம் ஒன்றைச் சொல்லச் சொன்னாள். இடைவேளை உட்பட எதையும் விடாமல் நடித்தே காட்டினேன். வில்லன் கண்ணாடியை உடைத்துக்கொண்டு விழுந்த இடத்தில் அவளுக்குச் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது. தலை ஆடுகிறதே என்று நான் பதறியதில் இன்னும் சிரித்தாள்.

மறுநாள் நாவலில், வெளியூர் போயிருந்த கணவன் வீடு திரும்புகிறான். அலமாரியில் மனைவியின் துணிகள் இல்லை. ஒரு சீப்பு மட்டும் கிடக்கிறது. அதற்கு மேல் எனக்கு வாசிக்க வரவில்லை. அக்கா அவசரப்படுத்தவில்லை. அவளுக்கு என் முகம் தெரியாது, எனக்கும் அவள் முகம் தெரியாது. அந்தத் தைரியத்தில், "என் வீட்ல வளையல் ஒண்ணு கெடந்துச்சுக்கா," என்றேன். இரண்டு வருஷத்தில் அதைப் பற்றி நான் பேசிய முதல் வார்த்தை. "தெரியும். உன் பையில பாத்தேன்," என்றாள். விட்ட வரியைத் தேடி எடுத்து அந்தப் பக்கத்தை முடித்தேன்.

அதற்கு அடுத்த நாள் சாயங்காலம் வேலை முடிந்து வந்தால் கட்டிலில் ஆள் இல்லை. மாடிப்படியில், சுவரைத் தடவிக்கொண்டு, குனிந்தபடியே ஏறிக்கொண்டிருந்தாள்.

"ஒரே நிமிஷம்டா. நல்ல கண்ணாலதான் பாக்கப்போறேன்."

"நிமிர்ந்தா அந்தக் கண்ணு என்னாகும்?"

"அதான் இன்னொண்ணு இருக்கே."

எனக்குக் கோபம் வந்தது. "நீ பாத்துப்ப. இன்னொரு அக்காவுக்கு நான் எங்க போவேன்?" என்றேன். அவள் அப்படியே படியில் உட்கார்ந்துவிட்டாள். அன்று புத்தகத்தைத் திறக்கவில்லை.

மறுநாள் பஸ்ஸில் கடைசி இருக்கையில் ஒரு குழந்தை ஜன்னலுக்கு வெளியே கையை நீட்டியது. தலைக்கு மேலிருந்த கண்ணாடியில் பார்த்துவிட்டு, உள்ளே இழுக்கச் சொல்லி அதட்டினேன். அப்போதுதான் பொறி தட்டியது. டாக்டருக்கு போன் செய்தேன். தலை குனிந்திருக்கும்வரை எங்கே நின்றாலும் சரி என்றார். வீட்டுக்கு வந்ததும் பீரோ கதவிலிருந்த கண்ணாடியைக் கழற்றித் தோளில் தூக்கிக்கொண்டு மாடிக்குப் போனேன். அதைத் தரையில் மேற்கைப் பார்த்துச் சாய்த்து, பின்னால் முட்டுக்கொடுத்து, அக்காவைக் கைப்பிடித்துக் கூட்டிவந்தேன்.

வெளிச்சம் வடிந்துகொண்டிருந்தது. அவள் முட்டியில் கையூன்றி, இடது கண் கட்டோடு, கண்ணாடியைக் குனிந்து பார்த்தாள். "இன்னும் கொஞ்சம் சாய்... உன் மண்டை மறைக்குது." நகர்ந்தேன். அவள் மூச்சு மாறியது.

"நீ பாத்தியா?" என்று வெகுநேரம் கழித்துக் கேட்டாள்.

திரும்பிப் பார்த்தேன். சுண்ணக்கட்டிக் கோட்டை விரலால் லேசாக இழுத்துவிட்டது போல ஒரு வெளுப்பு. சினிமாவென்றால் இந்நேரம் இசை கிளம்பியிருக்கும். தெருவில் யாரோ ஸ்கூட்டரை உதைத்துக்கொண்டிருந்தார்கள், அது கிளம்பவில்லை. இவ்வளவுதானா என்று கேட்கத்தான் வாயெடுத்தேன். ஆனால் கழுத்து வலிக்கும்வரை கண்ணை எடுக்க முடியவில்லை. அது கூரைகளுக்குப் பின்னால் இறங்கும்வரை, அவள் குனிந்தும் நான் நிமிர்ந்தும் நின்றோம்.

கட்டுப் பிரித்த அன்று இடது கண்ணில் எல்லாம் கலங்கலாகத்தான் தெரிந்தது. குமிழ் கரைந்த பிறகுதான் பார்வை எவ்வளவு மீளும் என்று சொல்ல முடியும் என்றார் டாக்டர். குனிந்தால் அந்தக் குமிழ் அவளுக்கே தெரிகிறதாம், கறுப்பு விளிம்போடு ஒரு வட்டமாக. இன்று எலுமிச்சை அளவு, இன்று கோலிக்குண்டு என்று சொல்லிக்கொண்டே வந்தாள். நேற்று நான் வாசித்துக்கொண்டிருந்தபோது கையைக் காட்டி நிறுத்தினாள்.

"ரெண்டாயிடுச்சுடா. பெரிசு பக்கத்துல ஒரு குட்டி."

பக்கத்தில் விரலை வைத்து மூடிக்கொண்டு காத்திருந்தேன். நல்ல கண்ணை உள்ளங்கையால் பொத்திக்கொண்டு, தரையை நோக்கிக் குனிந்து, குட்டி வட்டம் பெரியதை நோக்கி மெல்ல நகர்வதை அவள் பார்த்துக்கொண்டிருந்தாள்.