ஒன்பது மணிக்குள் ஒரு கவர்

"பிரேக்கைப் பிடிச்சிராதீங்க மேடம்!" என்று பின்னாலிருந்து கத்தினாள் அழகம்மாள்.

கோச் ஸ்ரீலட்சுமி பிடிக்கவில்லை. தண்ணீர் லாரிக்கும் ஸ்கூல் வேனுக்கும் இடையில் கிடைத்த சந்தில் ஸ்கூட்டி புகுந்து, கே.கே. நகர் வளைவில் வெளியே வந்தது. வேன் டிரைவர் திட்டியதில் பாதிதான் காதில் விழுந்தது.

மணி எட்டு பத்து. ஒன்பது அடித்தால் ரேஸ்கோர்ஸ் ஸ்டேடியத்தில் மருத்துவ மேஜையை மூடிவிடுவார்கள். அதற்குள் ஒரு காகிதம் போய்ச் சேராவிட்டால், சர்வதேச அமெச்சூர் பெண்கள் குத்துச்சண்டைப் போட்டியின் நாற்பத்தெட்டு கிலோ இறுதி ஆட்டம் நடக்காது. எதிராளிக்குத் தங்கம். அழகம்மாளுக்கு வீட்டுக்குப் போக பஸ்.

என்ன காகிதம்? வீராங்கனை கர்ப்பமாக இல்லை என்று டாக்டர் கையெழுத்துப் போட்ட காகிதம். ஏழு நாளுக்கு மேல் பழசானால் செல்லாது என்பது இந்தப் போட்டியின் விதி. வெளிநாட்டு அணிகள் வந்துசேரத் தாமதமாகி, போட்டி இரண்டு நாள் தள்ளிப்போனதில் அவளுடைய காகிதத்துக்கு இன்று எட்டாவது நாள். எடை பார்க்க வரிசையில் நிற்கும்போதுதான் சொன்னார்கள். புதுசு வாங்கத்தான் கிளினிக்குக்கு இந்த ஓட்டம்.

கிளினிக் கவுன்ட்டரில் இருந்தவன் முதலில் பெயரைப் படித்தான். பிறகு முகத்தைப் பார்த்தான்.

"அழகம்மாளா? அலங்காநல்லூர் சிவனாண்டி மகதானே நீயி?"

அழகம்மாளின் முகம் வெளுத்தது. முத்திருளன். பக்கத்துத் தெரு.

"என்ன டெஸ்டு?"

சீட்டை நீட்டினாள் ஸ்ரீலட்சுமி. அவன் இரண்டு தடவை படித்தான். அழகம்மாளின் கழுத்தைப் பார்த்தான். தாலி இல்லை. மறுபடி சீட்டைப் பார்த்தான்.

"கல்யாணம் எப்ப ஆச்சு பாப்பா? ஊருக்குச் சொல்லவே இல்ல?"

"விளையாட்டுக்குக் கேக்குறாங்க தம்பி," என்றாள் ஸ்ரீலட்சுமி.

"விளையாட்டுக்கா! நல்லா இருக்கு மேடம் ஒங்க விளையாட்டு."

பரிசோதனை பத்து நிமிடத்தில் முடிந்தது. ஆனால் கையெழுத்துப் போட டாக்டரம்மா வரவில்லை. எட்டரை ஆயிற்று. எடையும் ஒன்பதுக்குள் பார்த்தாக வேண்டும்.

"கிளம்பு அழகு. எடையையாவது குடுப்போம். மத்ததுக்கு யார் கால்லயாவது விழுறேன்."

வாசலைத் தாண்டும்போது அழகம்மாள் திரும்பிப் பார்த்தாள். முத்திருளன் போனைக் காதில் வைத்து, வாயைக் கையால் மூடிக்கொண்டு பேசிக்கொண்டிருந்தான்.

யாரிடம் என்று இருவருக்கும் தெரியும். சிவனாண்டி மகளோடு பேசி இரண்டு வருடம் ஆகிறது. "ஊரான் பிள்ளை குத்துறத மூஞ்சியில வாங்கவா ஒன்னைய வளத்தேன்?" என்று கேட்டவர், அவள் மதுரை ஹாஸ்டலுக்குப் பெட்டியைத் தூக்கிய அன்றோடு பேச்சை நிறுத்திக்கொண்டார். இப்போது அவர் காதில் இது.

எடை நாற்பத்தேழு கிலோ எண்ணூறு. அது சரி. எட்டு ஐம்பத்தெட்டுக்கு, தயார் செய்த கெஞ்சல்களோடு மருத்துவ மேஜைக்குப் போனாள் ஸ்ரீலட்சுமி. மேஜையில் இருந்த டில்லி டாக்டர் அம்மாள் நிமிரக்கூட இல்லை. கையில் ஒரு பழுப்புக் கவர். வாய் ஒட்டி, மேலே கிளினிக் முத்திரை குத்தியிருந்தது. கேட்டில் யாரோ கொடுத்துவிட்டுப் போனதாக ஒரு பெண் போலீஸ் அப்போதுதான் கொண்டுவந்து வைத்திருந்தாள்.

டாக்டர் கவரைக் கிழித்தார். படித்தார். ஸ்டாம்ப் விழுந்தது.

"நெக்ஸ்ட்!"

கிளினிக்கிலிருந்தே ஆள் அனுப்பியிருப்பார்கள் என்று நினைத்துக்கொண்டாள் ஸ்ரீலட்சுமி. உயிர் திரும்பி வந்த வேகத்தில் யார் என்று கேட்கத் தோன்றவில்லை.

மூன்று மணிக்கு ஆட்டம். ஸ்ரீலட்சுமி தறிக்காரக் குடும்பம். நூல்கண்டு சுற்றுவது போல, ஒரு மடிப்புகூட இல்லாமல் அழகம்மாளின் கைகளுக்குத் துணி சுற்றிவிட்டாள்.

எதிர் மூலையில் கஸகஸ்தானின் குல்நாரா. இடது கைக்காரி. அழகம்மாளைவிட நாலு விரல் உயரம். மொத்தம் நான்கு சுற்று, சுற்றுக்கு இரண்டு நிமிடம். ஐந்து நடுவர்களில் மூன்று பேர் ஒரே நொடியில் பட்டனை அழுத்தினால்தான் ஒரு பாயின்ட்.

முதல் சுற்றில் அழகம்மாள் குத்து வாங்கினாள். வாங்கினாள் என்பதைவிட, நின்று கொடுத்தாள் என்பதுதான் சரி. கால் நகரவில்லை. இரண்டுக்கு ஆறு.

"என்னடி ஆச்சு?" முகத்தில் தண்ணீர் அடித்தாள் ஸ்ரீலட்சுமி.

"மேடம்... கேலரியில மூணாவது வரிசை. அப்பா."

ஸ்ரீலட்சுமி பார்த்தாள். வெள்ளை வேட்டி, தோளில் சிவப்புத் துண்டு. பக்கத்தில் முத்திருளன்.

"சொல்லிட்டான் மேடம். அப்பா என்னையத் தூக்கிட்டுப் போகத்தான் வந்திருக்காரு."

"போகட்டும். இன்னும் ஆறு நிமிஷம் பாக்கி இருக்கு. அதுவரைக்கும் நீ எனக்கு மக. அப்புறம் அவருக்கு. என்னையப் பாரு. அவ கை நீளம். தூரத்துல நின்னா நீ செத்த. உள்ள போ. வயித்துல ரெண்டு, தாடையில ஒண்ணு. வெளிய வந்துரு."

மணி அடித்தது. உள்ளே போனாள் அழகம்மாள்.

அதற்கப்புறம் நடந்ததைப் பார்த்தவர்கள் இன்றும் சொல்வார்கள். அந்தச் சின்ன உடம்புக்குள் அத்தனை வேகம் எங்கே இருந்ததென்று தெரியவில்லை. நீண்டு வந்த இடது கைக்கு அடியில் குனிந்து நுழைந்தாள். விலாவில் இரண்டு. குல்நாராவின் முழங்கை கீழே இறங்கியது. தாடையில் ஒன்று. தொப்பென்ற சத்தம் கேலரி வரை கேட்டது. ஏழுக்கு எட்டு.

"ஏய் அலங்காநல்லூரு! திமில அமுக்கிப் புடிடீ!" என்று கேலரியில் எவனோ கூவினான்.

"புடிச்சா பாயின்ட் போயிரும்டா! சும்மா கெட!" என்று மூலையிலிருந்தே திருப்பிக் கத்தினாள் ஸ்ரீலட்சுமி. ரெஃப்ரி முறைத்தார்.

மூன்றாவது சுற்றில் அழகம்மாளின் வலது கண் வீங்கி மூட ஆரம்பித்தது. ரெஃப்ரி ஆட்டத்தை நிறுத்தி விரலைக் காட்டி எண்ணச் சொன்னார். எண்ணினாள். தொடர விட்டார்கள். பத்துக்குப் பதினொன்று. கடைசிச் சுற்றுக்கு எழும்போது அவள் கேலரிப் பக்கம் திரும்பவே இல்லை.

கடைசி இருபது நொடி. பதிமூன்றுக்குப் பதிமூன்று. மூடிய கண் பக்கமாக வந்த குத்தை அவள் பார்த்திருக்க முடியாது. ஆனாலும் தலை விலகியது. விலகிய அதே வேகத்தில் இடது ஹூக். நேராக, சுத்தமாக.

பதினாலு.

மணி. ரெஃப்ரி அவள் கையைத் தூக்கினார். குல்நாரா அவளைக் கட்டிப்பிடித்து, நெற்றியோடு நெற்றி முட்டினாள். ஸ்டேடியம் விசிலில் அதிர்ந்தது.

சிவப்புத் துண்டு படியிறங்கி வந்துகொண்டிருந்தது.

ஸ்ரீலட்சுமி குறுக்கே போய் நின்றாள். "அண்ணே, எதுனாலும் எங்கிட்டப் பேசுங்க. பிள்ளை மேல தப்பே இல்ல."

சிவனாண்டி அவளைத் தாண்டி மகளைப் பார்த்தார். "கண்ணு தெரியுதா?"

"ஒண்ணு தெரியுதுப்பா."

"அந்தப் பிள்ளைக்கு?"

"ரெண்டும் தெரியும்."

"ம். அப்ப நீதான் கூட வாங்கியிருக்க."

அழகம்மாள் அழுகையை அடக்கிக்கொண்டு, "காலையில அந்தக் காகிதம்... முத்திருளண்ணன் சொன்ன மாதிரி இல்லப்பா," என்றாள்.

தொண்டை கட்டிப்போயிருந்த முத்திருளன் குறுக்கே புகுந்தான். கடைசிச் சுற்றில் அவன் போட்ட கூச்சலை மூலையிலிருந்தே கேட்டிருந்தாள் ஸ்ரீலட்சுமி.

"என்னைய மன்னிச்சிரு பாப்பா. மாட்டுத்தாவணியில விதை நெல்லு வாங்க வந்தவருக்கு நாந்தான் போன் பண்ணுனேன். அருவாளோட வருவாருன்னு பாத்தேன். வெறுங்கையோட வந்தாரு. டாக்டரம்மாவும் வந்துச்சு. அது கையெழுத்துப் போட்டு ஒட்டிக் குடுத்ததும், இவரு ஆட்டோவுக்குக்கூட நிக்கல மேடம். வேட்டிய மடிச்சுக் கட்டிட்டு இம்புட்டுத் தூரமும் ஓட்டம். நான் பின்னாடியே சைக்கிள்ல."

ஸ்ரீலட்சுமிக்குக் காலையில் மருத்துவ மேஜையில் பார்த்தது நினைவுக்கு வந்தது. அந்தக் கவர். ஒட்டிய வாய். கலையாத முத்திரை.

"அப்ப உள்ள என்ன எழுதியிருக்குன்னு டாக்டரம்மா உங்ககிட்டச் சொல்லியிருந்தாங்களா அண்ணே?"

"சொல்லட்டுமான்னு கேட்டுச்சு டீச்சரம்மா."

"நீங்க?"

சிவனாண்டி தோளில் கிடந்த துண்டை எடுத்து மகளின் மூக்கிலிருந்த ரத்தத்தைத் துடைத்தார்.

"எத்தன மணிக்குள்ள குடுக்கணும்னு மட்டும் கேட்டேன்."