என் வீட்டு வாய்ப்பூட்டு

என் மனைவி பேச்சைக் குறைத்துவிட்டாள் என்று சொன்னபோது தெருவில் ஒருவரும் நம்பவில்லை. சிலர் ஏதாவது சாக்குச் சொல்லிக்கொண்டு வீட்டுக்கே வந்து பார்த்துவிட்டுப் போனார்கள்.

நான் சாவி செய்கிறவன். எந்தப் பூட்டையும் ஐந்து நிமிடத்தில் திறந்துவிடுவேன். வீட்டில் மட்டும் இருபது வருடமாக ஒரு வாயை மூடத் தெரியாமல் திண்டாடினேன். நான் தும்மினால்கூட ஏன் எதற்கென்று விளக்கம் கேட்பாள். அப்படிப்பட்டவள் ஆறு மாதமாக "ம்", "ம்ஹூம்" என்ற இரண்டை வைத்துக்கொண்டே குடும்பம் நடத்தினாள். இதில் என் கைவேலை எதுவும் கிடையாது. பெருமையை மட்டும் கூச்சமே இல்லாமல் எடுத்துக்கொண்டேன்.

"எல்லாம் கைப்பக்குவம்தான்" என்று பக்கத்துக் கடை சலூன்காரரிடம் அளந்தேன். அவர் வீட்டிலும் தினமும் கச்சேரிதான்.

"அண்ணே, கால்ல வேணும்னாலும் விழறேன். அந்த வித்தையை எனக்கும் கத்துக் குடுங்க."

"முதல்ல நேர்ல வந்து பாருப்பா."

ஞாயிற்றுக்கிழமை அவரை வீட்டுக்குச் சாப்பிடக் கூட்டிப்போனேன். அவள் பரிமாறினாள். ஒரு வாய் வைத்ததுமே வம்புக்கு இழுத்தேன். "என்ன இருந்தாலும் எங்க அக்கா சமையல் மாதிரி வராது."

முன்பென்றால் என் வம்சமே சந்தி சிரித்திருக்கும். அவள் உதடு துடித்தது. கண் கலங்கியது. "ம்" என்றாள்.

பார்த்தாயா என்று நான் மீசையைத் தடவினேன். சலூன்காரர் என்னைக் கவனிக்கவே இல்லை. நாள் முழுக்க முகங்களோடு மல்லுக்கட்டுகிற ஆள்.

"அண்ணே, அண்ணிக்கு இடது தாடை வீங்கியிருக்கு. அண்ணி, கொஞ்சம் வாயைத் திறங்க."

ஒரு விரல் அளவுக்கு மேல் அவளால் திறக்க முடியவில்லை.

மறுநாள் டாக்டர் டார்ச் அடித்துப் பார்த்தார். "புகையிலை போடுற பழக்கம் உண்டா?"

"சேச்சே!" என்றேன். அவள் "ம்" என்றாள்.

ஓட்டல் விரிப்புகளை வெளுக்கிற சலவைக்கூடத்தில் அவளுக்கு வேலை. மாற்று ஆள் வராமல் மெஷினை விட்டு நகரக்கூடாது. மாற்று ஆள் வந்த சரித்திரமே கிடையாது.

"அங்க எல்லாரும் கன்னத்துல அடக்கிக்குவோம்" என்று பல்லிடுக்கில் சொன்னாள். "பசி தெரியாது."

பதினாறு வருடமாம். நான் வாயைப் பிளந்துகொண்டு உட்கார்ந்திருந்தேன். டாக்டர் எதற்கும் இருக்கட்டும் என்று என் வாய்க்குள்ளும் ஒரு பார்வை பார்த்தார்.

சதைத் துணுக்கு எடுத்துப் பரிசோதித்து, ஒரு வாரம் கழித்துச் சொன்னார்கள். "புற்றுநோய். புண்ணா இருந்தப்பவே வந்திருந்தா சின்ன ஆபரேஷன்ல முடிஞ்சிருக்கலாம். இப்போ தாடையில ஒரு பகுதியை எடுக்கணும். பிழைச்சுக்குவாங்கன்னு உறுதியா சொல்ல முடியாது."

வராந்தாவுக்கு வந்ததும் கத்திவிட்டேன். எனக்குப் பயம் வந்தால் அது கோபமாகத்தான் வெளியே வரும். "கால்ல முள்ளு குத்தினா ஊரைக் கூட்டுவியே! இதை ஏண்டி சொல்லல?"

வலியோடு ஒவ்வொரு வார்த்தையாகச் சொன்னாள்.

"நான் பேசாம ஆனப்புறம்தான் நீங்க பொழுதோட வீட்டுக்கு வர ஆரம்பிச்சீங்க. பக்கத்துல உட்கார்ந்து சாப்பிட்டீங்க. டாக்டர்கிட்ட போய் வாய் சரியாயிட்டா, மறுபடி லேட்டா வருவீங்களேன்னு..."

வெட்கம் என்னைப் பிடுங்கித் தின்றது. அவள் கையைப் பிடித்துக்கொண்டு, ஆபரேஷனுக்கு நாள் கேட்க உள்ளே போனேன்.