லெஃப்ட் பேக், மூன்றாம் இடம்

செஞ்சி கடைவீதியில் பாலசுப்பிரமணியன் பாத்திரக் கடைக்கு மேல்மாடியில் உட்கார்ந்துகொண்டு ஆறு பெண்கள் கால்பந்து ஆட்டக்காரர்களுக்கு மார்க் போடுகிறார்கள் என்று சொன்னால், கீழே குடம் வாங்க வருகிறவர்கள் நம்ப மாட்டார்கள். நம்பாவிட்டால் போகட்டும். கடைக்காரரின் மகள் ஸ்ரீநிதி பெங்களூரில் படித்துவிட்டு வந்து ஆரம்பித்த கிளை அது. கம்பெனி அங்கே, வேலை இங்கே. கீழே பாத்திரத்தில் பேர் வெட்டும் மெஷின் விர்ரென்று கத்திக்கொண்டே இருக்கும். மேலே காதில் ஹெட்போனை மாட்டிக்கொண்டு, ஒரே ஓட்டத்தைப் பத்துத் தடவை நிறுத்தி நிறுத்திப் பார்த்துக்கொண்டிருப்பார்கள்.

நாலாவது இருக்கை வெண்மதியுடையது. சிங்கவரத்துப் பெண், பி.எஸ்சி. கணிதம். தற்காப்பு வரிசை அவள் பொறுப்பு. ஆட்டக்காரன் பந்தைத் தொட்டாலும் மார்க், தொட வேண்டிய நேரத்தில் தொடாவிட்டாலும் மார்க். ஒழுங்காகச் செய்தால் கூட்டல், சொதப்பினால் கழித்தல், ரெண்டுங்கெட்டான் என்றால் பூஜ்யம். ஆட்டத்துக்கு ஆட்டம் கிளப்புக்கு ஒரு மார்க் தாள் போகும், கண்ணில் பட்ட வேறு எதையும் கீழே குறிப்பாக எழுதலாம். இதையெல்லாம் சேர்த்து சீசன் நடுவிலும் முடிவிலும் ஓர் அறிக்கை போகும். ஓர் அணியின் கோல்கீப்பர்கள் லீக்கின் பன்னிரண்டு அணிகளில் எத்தனையாவது, இடப்பக்கத் தற்காப்பான லெஃப்ட் பேக் எத்தனையாவது, நடுக்களம் எத்தனையாவது, முன்களம் எத்தனையாவது என்று இடம் வாரியாக எதிரணிகளோடு ஒப்பிட்டு வைத்திருக்கும். கிளப்காரர்கள் அதைப் பார்த்துத்தான் எந்த இடத்துக்கு ஆள் எடுப்பது, யாரை வெளியே அனுப்புவது என்று முடிவு செய்வார்கள்.

வேலையில் சேரும்போது கையெழுத்து வாங்கிய தாளில் ஒரு விதி இருந்தது. சொந்தக்காரர் யாராவது ஆடினால் முன்கூட்டியே சொல்லிவிட வேண்டும், அந்த ஆட்டத்தை வேறொருத்தி பார்ப்பாள். வெண்மதி சொல்லவில்லை. சென்னை நெய்தல் எஃப்.சி.யின் லெஃப்ட் பேக் வளவன் அவளுடைய தம்பி. கூடப் பிறந்த ஒரே தம்பி.

ஏன் சொல்லவில்லை என்று கேட்டால் அவளிடம் நல்ல பதில் எதுவும் இல்லை. அவன் ஆடுவதை மாதச் சம்பளம் வாங்கிக்கொண்டு பார்க்கக் கிடைத்தது, விட மனசு வரவில்லை. அவ்வளவுதான். வேர்க்கடலை பிடுங்கிய கொல்லி நிலத்தில் செருப்பைக் கோல் போஸ்டாக வைத்து ஆடிய பயல், பச்சைப் பசேலென்ற புல்லில் பேர் போட்ட பனியனோடு ஓடுகிறான். அதை இன்னொருத்தி பார்த்து மார்க் போடுவதா? சீசனின் முதல் ஆறு ஆட்டங்களுக்கு அவள் போட்ட மார்க்கில் ஒரு குறையும் சொல்ல முடியாது. நன்றாகவே ஆடினான்; நன்றாகவே போட்டாள்.

ஏழாவது ஆட்டத்தில்தான் கண்டுபிடித்தாள். வலது காலை ஊன்றிச் சட்டென்று திரும்ப வேண்டிய இடத்தில் வளவன் இரண்டு சின்ன எட்டு வைத்துத் திரும்பினான். வேறு யார் பார்த்தாலும் தெரியாது. வெண்மதிக்குத் தெரியும். பதினாலு வயதில் சிங்கவரத்துப் பாறையிலிருந்து குதித்து முட்டி வீங்கியபோது, நைனாவுக்குத் தெரியாமல் ஒரு வாரம் அப்படித்தான் நடந்தான். அந்த இரண்டு எட்டுக்குள் எதிரணி ஆள் அவனைத் தாண்டிப் போய்விட்டான். கழித்தல் ஒன்று போட வேண்டிய இடம்.

கொஞ்ச நேரத்தில் பந்து வெளியே போனது. வளவன் கேமரா இருக்கும் பக்கமாக வந்து, குனிந்து, வலது ஷூவின் லேஸைக் கட்ட ஆரம்பித்தான். அவிழாத லேஸ். கட்டி முடித்த பிறகும் கை முட்டியிலேயே இருந்தது. கள்ளப்பயல், வலியை மறைக்கிறான் என்று வெண்மதி நினைத்துக்கொண்டாள். சிரிப்புக்கூட வந்தது. கோச்சுக்குத் தெரிந்தால் உட்கார வைத்துவிடுவார், ஒப்பந்தம் மே மாதத்தோடு முடிகிறது, இந்த நேரத்தில் உட்காரலாமா? கழித்தல் ஒன்றை அழித்துவிட்டுப் பூஜ்யம் போட்டாள்.

பூஜ்யம் என்பது பெரிய பொய் ஒன்றும் இல்லை. ஆனால் அதற்குப் பிறகு எல்லா ஆட்டத்திலும் அந்த இரண்டு எட்டு இருந்தது. எல்லா ஆட்டத்திலும் ஒரு தடவையாவது லேஸும் இருந்தது. அவளும் விடாமல் பூஜ்யம் போட்டாள். சில இடங்களில், இவ்வளவு வலியோடு இவ்வளவு ஓடுகிறானே என்று கூட்டல் ஒன்றும் போட்டாள். பாசம் வந்துவிட்டால் கணக்குப் படித்தவளுக்கே கணக்கு மறந்துவிடுகிறது, மற்றவர்களைச் சொல்லி என்ன.

ஜனவரியில் நடுச் சீசன் அறிக்கை போனது. நெய்தல் அணிக்குக் கோல்கீப்பர் ஐந்தாம் இடம், நடுக்களம் ஆறு, முன்களம் பத்து. லெஃப்ட் பேக் மூன்று. பன்னிரண்டு அணியில் மூன்றாவது! வெண்மதி அன்றைக்கு அரைக் கிலோ மைசூர்பாகு வாங்கிக்கொண்டு வீட்டுக்குப் போனாள். அம்மா பூவாயி, எதுக்குடி இது என்று கேட்டதற்கு, சும்மாதான் என்றாள். இரண்டு நாள் கழித்து வளவன் போன் செய்தான்.

"கோச்சு ரூம்ல பேப்பர் காட்னாங்கக்கா. லெஃப்ட் பேக்கு மூணாவதாம்."

"சூப்பர்ரா!"

"ம். அவ்ளோதான் எழுதியிருந்துது. வேற ஒண்ணும் எழுதல."

இன்னும் பாராட்டு வேண்டுமாம் துரைக்கு என்று அவள் நினைத்தாள். "இன்னாடா எழுதணும் உனுக்கு? மூணாவது பத்தலியா?" என்று கேட்டாள். அவன் சரிக்கா, சரிக்கா என்று போனை வைத்துவிட்டான்.

அறிக்கையைப் பார்த்துக் கிளப் செய்தது நியாயமான காரியம். முன்களம் பத்தாம் இடத்தில் இருந்ததால் புதிதாக ஒரு முன்கள ஆட்டக்காரனை எடுத்தார்கள். அவனுக்கு இடம் வேண்டுமே? லெஃப்ட் பேக்தான் பலமாக இருக்கிறதே என்று, வளவனுக்கு மாற்றாக வைத்திருந்த பையனை இன்னொரு அணிக்கு அனுப்பிவிட்டார்கள். அதோடு வளவனுக்கு ஓய்வு என்பதே இல்லாமல் போயிற்று. வாரா வாரம் முழுத் தொண்ணூறு நிமிடம்.

மார்ச்சில் பதினேழாவது ஆட்டம். பந்து பக்கத்தில்கூட இல்லை. வளவன் திரும்பினான், இரண்டு எட்டு வைக்க நேரம் கிடைக்கவில்லை, விழுந்தான். முட்டியைப் பிடித்துக்கொண்டு புரண்டதை வெண்மதி நாலாவது இருக்கையில் உட்கார்ந்து பார்த்தாள். ஸ்ட்ரெச்சர் வந்தது. 'காயம், ஆட்டக்காரர் வெளியேறினார்' என்பதற்கு ஒரு பட்டன் உண்டு. அதை அழுத்தினாள். பிறகு மீதி இருபத்திரண்டு நிமிட ஆட்டத்துக்கும் ஒழுங்காக மார்க் போட்டுவிட்டுத்தான் எழுந்தாள்.

அன்றிலிருந்து அவளுக்கு உள்ளே ஏதோ மரத்துப்போயிருந்தது. பல் பிடுங்க ஊசி போட்ட பிறகு கன்னம் இருக்குமே, தொட்டால் யாரோ ஒருவருடைய கன்னம் மாதிரி, அப்படி. ஆபரேஷனுக்குச் சென்னை போனாள், வந்தாள். அம்மா அழுதாள், இவள் ஆட்டோ பிடித்தாள். தம்பி கட்டோடு சிங்கவரம் வந்து சேர்ந்தான், இவள் கட்டிலை ஜன்னல் பக்கம் இழுத்துப் போட்டாள். அழுகை வரவில்லை. வராதது அவளுக்கே பயமாக இருந்தது. பிறகு பயமும் போய்விட்டது.

இப்போது மே மாதம். சீசன் இறுதி அறிக்கை இன்றைக்குப் போக வேண்டும். இந்த முறை வெண்மதி ஏழாவது ஆட்டத்திலிருந்து மறுபடி பார்த்தாள். நாலு நாள் பார்த்தாள். மாற்றிப் போட்ட பூஜ்யத்தையெல்லாம் எடுத்துவிட்டு உள்ளதை உள்ளபடி போட்டாள். கூட்டிப் பார்த்தால் நெய்தல் அணியின் லெஃப்ட் பேக் பன்னிரண்டில் பதினோராவது இடம்.

ஸ்ரீநிதி திரையைப் பார்த்துவிட்டு நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள். "என்ன வெண்மதி இது? ஜனவரில மூணு. இப்ப பதினொண்ணு. பெங்களூர்ல கேட்டா நான் என்ன சொல்றது?"

"ஜனவரில போட்டது தப்பு. வளவன் என் தம்பி."

பேர் வெட்டும் மெஷின் நின்று மறுபடி கத்தியது. ஸ்ரீநிதிக்கு முகம் சிவந்துவிட்டது. "கையெழுத்துப் போட்டியா இல்லியா? இது தெரிஞ்சா கிளையையே மூடிடுவாங்க. ஆறு பேர் வேலை!" திட்டத் தொடங்கியவள் பாதியில் நிறுத்தினாள். வெண்மதி எதற்கும் அசையாமல் உட்கார்ந்திருந்தது அவளை என்னவோ செய்தது.

"முட்டி போச்சே, அந்தப் பையனா?"

"ஆமா."

ஸ்ரீநிதி குரலைத் தாழ்த்தினாள். "கோவால ஒரு கிளப்பு லெஃப்ட் பேக் தேடுது. நம்ம பேப்பரத்தான் கேட்டிருக்காங்க. மூணுன்னு போனா உன் தம்பிய எடுத்தாலும் எடுப்பாங்க. பதினொண்ணுன்னு போனா எவனும் எடுக்க மாட்டான். நெய்தலும் விட்டுடுவான். சாயங்காலம் ஆறு மணி வரைக்கும் அனுப்பாம வெச்சிருக்கேன். ரெண்டுல எதுன்னு நீயே சொல்லு. அப்புறம் உன் விஷயத்தப் பேசிக்கலாம்."

வெண்மதி இரண்டரை மணி பஸ்ஸைப் பிடித்தாள். வெயிலில் கோட்டைப் பாறைகள் வெளுத்துக் கிடந்தன. கோவா கிளப்பைப் பற்றி அவளுக்கு முன்பே தெரியும், ஏஜென்ட் வளவனிடம் பேசியிருந்தான். செப்டம்பரில் இறங்கிவிட வேண்டுமாம். டாக்டரோ ஒரு வருஷம் அந்தக் காலோடு ஆடக் கூடாது என்று சொல்லியிருந்தார். செப்டம்பர் என்றால் ஆபரேஷன் முடிந்து ஆறு மாதம்தான். மூன்று என்று அனுப்பினால் தம்பிக்கு வேலை உண்டு, முட்டி மறுபடி போகும். பதினொன்று என்று அனுப்பினால் முட்டி பிழைக்கும், தம்பி வீட்டில் கிடப்பான். ஏற்கெனவே ஒரு தடவை அவனைக் கேட்காமல் மார்க் போட்டாயிற்று. இந்தத் தடவை கேட்டுவிட வேண்டும். அப்படிக் கேட்க வேண்டுமானால் முதலில் சொல்ல வேண்டும்.

வளவன் ஜன்னலோரக் கட்டிலில் வலது காலை நீட்டிக்கொண்டு, முறத்தில் அவித்த வேர்க்கடலையை வைத்து உரித்துத் தின்றுகொண்டிருந்தான். கொல்லைப்புறத்தில் அம்மா பாத்திரம் கழுவும் சத்தம் கேட்டது.

"இன்னாக்கா, மத்தியானமே வந்துட்ட? சாப்டியா? இந்தா, மல்லாட்ட துன்னு."

வெண்மதி வேண்டாம் என்று தலையசைத்துவிட்டுக் கட்டில் ஓரத்தில் உட்கார்ந்தாள். சுற்றிவளைக்காமல் சொன்னாள். "உன் மேட்சுக்கெல்லாம் மார்க்கு போட்டது நான்தான்டா."

"தெரியும்."

அவள் நிமிர்ந்து பார்த்தாள்.

"பேப்பர்ல கீழ போட்டிருக்குதே, செஞ்சி கிளை, இருக்கை நாலுன்னு. தீபாவளிக்கு ஒரு வருசம் வந்தப்போ அந்தச் சேர்லதான குந்தினு இருந்தேன். அஞ்சாவது மேட்சு அப்பவே பாத்துட்டேன். கோச்சு எல்லா பேப்பரையும் செவுத்துல ஒட்டுவாரு."

"அப்போ ஏன்டா எங்கிட்ட சொல்லல?"

"சொன்னா உன் வேல போயிடும்னு நெனச்சேன்."

வெண்மதி முறத்தைப் பார்த்துக்கொண்டே பேசினாள். "ஏழாவது மேட்ச்சுல உன் முட்டி வலிச்சுது. ரெண்டு எட்டு வெச்சுத் திரும்பின. நான் பாத்தேன். பாத்துட்டுப் பூஜ்யம் போட்டேன். அப்புறம் வந்த மேட்சுக்கெல்லாம் அப்டியேதான் போட்டேன். அதனாலதான் மூணாவது வந்துது. அதனாலதான் மாத்து ஆள அனுப்பிட்டானுங்க."

வளவன் உரிப்பதை நிறுத்தினான். உரித்த பருப்பு இரண்டும் உள்ளங்கையிலேயே இருந்தன.

"பாத்தியா?" என்றான்.

"பாத்தேன்."

"நான் கேமராக்குத் தெரிலன்னுதான் நெனச்சேன். டிவில சரியா உழல போலன்னு." அவன் குரலில் கோபம் இல்லை. இருந்திருந்தால் அவளுக்குக் கொஞ்சம் நன்றாக இருந்திருக்கும். "எனுக்கு வாயத் தொறந்து சொல்ல முடிலக்கா. வலிக்குதுன்னு நானே சொன்னா, பயந்துட்டான், பழசா பூட்டான்னு முத்திர குத்திடுவானுங்க. பேப்பர் சொன்னா வேற. ஸ்கேன் எடுப்பாங்க, ரெண்டு வாரம் குந்த வெப்பாங்க, சரியாயிடும். நீதான் பாக்குறன்னு தெரிஞ்சதும் தெம்பா இருந்துது. அக்கா கண்டுபுடிச்சிடும், எழுதிடும்னு இருந்தேன்."

"லேஸ் கட்டினது..."

"ஆமா. ஒவ்வொரு மேட்ச்சுலயும் கேமரா இருக்கற பக்கமா போய்தான் குனிவேன்."

"மறைக்கறன்னு நெனச்சேன்டா."

"மறைக்கலக்கா. உனுக்குக் காட்னேன்."

கொல்லைப்புறத்தில் அம்மா, யாரு, மதியா வந்திருக்குது, என்று குரல் கொடுத்தாள். பதினோரு ஆட்டம், ஆட்டத்துக்கு ஒரு தடவையாவது அவன் குனிந்து முட்டியைப் பிடித்துக்கொண்டு அவளைப் பார்த்திருக்கிறான். அவள் ஒவ்வொன்றையும் பத்துத் தடவை நிறுத்திப் பார்த்திருக்கிறாள். வெண்மதி அழுகை வரும் என்று காத்திருந்தாள். கன்னம் கன்னமாகவே இல்லை.

கோவா கிளப் அறிக்கை கேட்டிருப்பதையும் ஆறு மணிக் கெடுவையும் சொன்னாள். மூன்று என்றால் என்ன ஆகும், பதினொன்று என்றால் என்ன ஆகும் என்று இரண்டையும் சொன்னாள். வளவன் கட்டுப்போட்ட காலைக் கொஞ்ச நேரம் பார்த்தான்.

"உம்மையில எத்தினி?"

"பதினொண்ணு."

"அத்தயே அனுப்பு."

அவள் போனை எடுத்து ஸ்ரீநிதிக்குப் 'பதினொன்று' என்று அடித்தாள். ஒரு நொடி நிறுத்திவிட்டு, அதன் கீழே, 'ஏழாவது ஆட்டத்திலிருந்தே லெஃப்ட் பேக்குக்கு வலது முட்டியில் வலி, கண்ணுக்குத் தெரிகிறது' என்று எழுதினாள். ஏழு மாதத்துக்கு முன்னால் எழுத வேண்டிய வரி. இரண்டையும் அனுப்பினாள்.

"எழுதிட்டேன்" என்றாள்.

வளவன் தலையசைத்தான். உள்ளங்கையில் இருந்த இரண்டு பருப்பையும் அவள் கையில் வைத்துவிட்டு அடுத்த கடலையை உரிக்க ஆரம்பித்தான்.