விளக்குக் கம்பத்துக்கு ஒரு சாக்ஸ்

ஏரிக்கரை முகாமுக்குக் கிளம்புவதற்கு முந்தின நாள் தையல்காரி தன் கணவரின் பையைத் தலைகீழாகக் கவிழ்த்துக் கொட்டினாள். ஒரு குறடு விழுந்தது. இன்சுலேஷன் டேப் இரண்டு சுருள் விழுந்தது. துண்டுக்குள் பத்திரமாகச் சுருட்டி வைத்திருந்த டெஸ்டரும் உருண்டு வந்து அவள் காலடியில் நின்றது. எல்லாவற்றையும் அள்ளித் தையல் மிஷின் டிராயரில் போட்டுப் பூட்டிச் சாவியை எடுத்துக்கொண்டாள்.

"மூணு நாள். மூணே மூணு நாள். எந்த லைட்டையும் தொடக்கூடாது. அண்ணாந்து பாத்தா வானத்த மட்டும்தான் பாக்கணும்."

"தொடமாட்டேம்மா, சத்தியமா," என்றார் அவர். பார்வை மட்டும் டிராயரை விட்டு நகரவில்லை.

அவள் இவ்வளவு கறாராக இருந்ததில் நியாயம் இருந்தது. அவர் தெருவிளக்குப் பிரிவில் வயர்மேன். எந்த விளக்கு எரியவில்லை என்பது இருட்டினால்தான் தெரியும் என்பதால், ஊரெல்லாம் வீடு திரும்பும் நேரத்தில் அவர் வீட்டைவிட்டுக் கிளம்புவார். பதினாலு வருஷக் கல்யாண வாழ்க்கையில் பொழுது சாயும்போது அவர் வீட்டில் இருந்த நாட்களை விரல் விட்டு எண்ணிவிடலாம். அதிலும் பாதி, அவர் காய்ச்சலில் சுருண்டு கிடந்த நாட்கள். மகள்கள் இரண்டு பேரும் பிறந்ததே அந்தி நேரத்தில்தான். இரண்டு தடவையும் மனிதர் ஏதோ ஒரு கம்பத்தின் உச்சியில் இருந்தார். அவளுக்குப் பெரிய ஆசையெல்லாம் இல்லை. ஒரே ஒரு நாள், இருட்டும் நேரத்தில், அவர் தன் பக்கத்தில் இருக்க வேண்டும். நாலு பேரும் ஒரே திசையைப் பார்க்க வேண்டும். அவ்வளவுதான்.

ஏரிக்கரைப் புல்வெளியில் கூடாரம் போட்டார்கள். வார நாள் என்பதால் வேறு ஒருவரும் வரவில்லை. மூத்தவள் பள்ளி நூலகத்தில் உட்கார்ந்து வரைந்த நட்சத்திரப் படத்தைப் புல்லில் விரித்து, நாலு மூலைக்கும் நாலு செருப்பை வைத்தாள். இளையவள் அப்பாவின் மடியில் இடம் பிடித்தாள். ஏரி சாம்பல் நிறமானது, பிறகு கருத்தது. மூத்தவள் முதல் நட்சத்திரத்தைக் காட்டுவதற்குக் கையைத் தூக்கினாள்.

அப்போது கூடாரத்துக்குப் பக்கத்தில் இருந்த கம்பத்தில் விளக்கு பளீரென்று எரிந்தது.

ஊசியில் நூல் கோக்கும் அளவுக்கு வெளிச்சம். வானம் போன இடம் தெரியவில்லை. முகாம் நிர்வாகி அலுவலகத்தைப் பூட்டிக்கொண்டு எப்போதோ போய்விட்டிருந்தார். போன் அடித்து அடித்து ஓய்ந்தது. வேறு பக்கம் போகலாமென்றால் வேலிக்கு அப்பால் காடு, இருட்டியபின் தாண்டக் கூடாது என்று பலகை. மூத்தவள் படத்தை மடிக்க ஆரம்பித்தாள்.

தையல்காரி கணவரைப் பார்த்தாள். இரண்டு கையையும் தொடைக்கு அடியில் வைத்து அதன்மேல் உட்கார்ந்திருந்தார். ஆனால் கண் கம்பத்தில்தான் ஏறி இறங்கிக்கொண்டிருந்தது.

"சென்சார் அங்கதான் இருக்கு. ரொம்ப உயரம்கூட இல்ல," என்று யாரிடமும் சொல்லாத மாதிரி சொன்னார்.

"அப்படின்னா என்னப்பா?" என்றாள் இளையவள்.

"இருட்டிடுச்சான்னு பாக்குற கண்ணு. அதுக்கு நேரா டார்ச் அடிச்சா, பகல்னு நெனச்சு லைட்ட அணைச்சிடும்."

மூன்று முகங்களும் ஒரே நேரத்தில் தையல்காரியின் பக்கம் திரும்பின. சரி என்றால் விடுமுறையும் வேலையாகிவிடும். கூடாது என்றால் மூத்தவளின் முகத்தைப் பார்க்க முடியாது. வசமாக மாட்டிக்கொண்டாள்.

"தொடக்கூடாதுன்னுதான் சொன்னேன். டார்ச் அடிக்கிறது தொடுறதுல சேராது," என்றாள்.

அவள் வாயை மூடுவதற்குள் அவர் கூடாரத்திலிருந்த டார்ச்சை எடுத்து, மடக்கு நாற்காலியில் ஏறி நின்று சென்சாருக்குக் காட்டினார். விளக்கு அசையாமல் எரிந்தது.

"அணையலையேப்பா."

"பொறு. போற வர்ற கார் லைட்டுக்கெல்லாம் ஏமாறக் கூடாதுல்ல. அரை நிமிஷம் யோசிச்சுத்தான் நம்பும்."

யோசித்தது, நம்பியது, அணைந்தது.

முதலில் ஒன்றுமே தெரியவில்லை. பிறகு ஒன்று, பத்து, எண்ண முடியாத அளவு. இளையவள் பேச்சை மறந்து அம்மாவின் கையைப் பிடித்துக்கொண்டாள். மூத்தவள் பெயர் பெயராகச் சொல்லத் தொடங்கினாள். தையல்காரி மல்லாந்து படுத்தாள். அவளுக்கு வலது பக்கம் விரிப்பு காலியாகக் கிடந்தது.

"தெரியுதா? நல்லா தெரியுதா?" என்று நாற்காலி மேலிருந்து குரல் வந்தது.

கையைக் கீழே போட்டால் விளக்கு மறுபடி எரிந்துவிடும். ஆகவே மனிதர் டார்ச் வெளிச்சத்தைப் பார்த்தபடி நின்றுகொண்டே இருந்தார். தெருவில் பல்பை மாற்றிவிட்டு மேலிருந்து "எரியுதா?" என்று கேட்பாரே, அதே குரல். இன்றைக்கும் கம்பத்தோடுதான் நிற்கிறார் என்று நினைத்ததும் அவளுக்கு அழுகை வந்தது. அழுகையோடு கோபமும் வந்தது. எழுந்துவிட்டாள்.

அவருடைய பையைத்தான் சோதனை போட்டாளே தவிர, அவளுடைய கைப்பையை யாரும் சோதிக்கவில்லை. அதில் ஊசி, நூல், கத்திரிக்கோல், ஒரு முழம் எலாஸ்டிக் எல்லாம் இருந்தன. நாற்காலியடியில் கிடந்த ஷூவிலிருந்து அவருடைய கறுப்புச் சாக்ஸ் ஒன்றை உருவினாள். வெளிச்சம் இல்லாமலே, விரலால் தடவித் தடவி, அதன் வாயோரம் எலாஸ்டிக்கை ஓட்டினாள். இருபது வருஷக் கை, தையல் பிசகவில்லை.

"நகருங்க," என்று நாற்காலியில் ஏறினாள்.

"என்னம்மா பண்ற? ரெண்டு பேரு வெயிட்ட இது தாங்காது."

"தாங்கும். டார்ச்ச அப்படியே ஒட்டிப் பிடிங்க."

டார்ச்சுக்கும் சென்சாருக்கும் சேர்த்துச் சாக்ஸை மாட்டி, எலாஸ்டிக்கைக் கம்பத்தில் இரண்டு சுற்றுச் சுற்றி முடிந்தாள். கொஞ்சநஞ்சம் கசிந்த வெளிச்சமும் மறைந்தது.

"இப்ப கைய எடுங்க."

"எடுத்தா எரிஞ்சிடும்மா."

"எடுங்கன்னா எடுங்க."

எடுத்தார். அரை நிமிஷம் காத்திருக்க வேண்டும் என்பது இப்போது எல்லோருக்கும் தெரியும். இளையவள் சத்தமாக முப்பது வரை எண்ணினாள். சந்தேகத்துக்கு இன்னொரு பத்தும் எண்ணினாள். இருட்டு இருட்டாகவே இருந்தது.

அவள் இறங்கிப் போய்ப் பழையபடி மல்லாந்து படுத்தாள். அவரும் இறங்கி வந்து, கைகளை எங்கே வைப்பதென்று தெரியாமல் சற்று நேரம் நின்றார். பிறகு அந்தக் காலி இடத்தில் படுத்தார்.

"எனக்கு ஒண்ணும் தெரியலையே," என்றார்.

"இவ்வளவு நேரம் டார்ச்சையே பாத்துட்டிருந்தா எப்படித் தெரியும்? பொறுங்க, தெரியும்."

அவர் பொறுத்தார். கொஞ்ச நேரத்தில் அவருடைய மூச்சு ஒரு கணம் நின்று வந்தது அவளுக்குக் கேட்டது. மூத்தவள் காட்டிய பக்கமெல்லாம் தலையைத் திருப்பினார். வெகுநேரம் கழித்து மெதுவாகக் கேட்டார்.

"இதுல ஒண்ணு எரியலன்னா, என்னைக் கூப்பிட மாட்டாங்கல்ல?"

"கூப்பிட்டாலும் நான் விடமாட்டேன்," என்றாள் அவள்.

சாக்ஸ் இல்லாத அவருடைய கால் சில்லிட்டிருந்தது. அதைத் தன் கால்களுக்கு நடுவே இழுத்து வைத்துக்கொண்டாள்.